கரண்ட் போனாலா, கை தவறினாலா? ஆவணத்தைக் காக்கும் ஐந்து வழிகள்: ஓர் ஒப்பீடு

வேலூர்ப் பக்கத்து வாசகர்கள் சிலர் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருப்பவர், “வேர்டிலேயே இருக்கவா, கூகுள் டாக்ஸுக்கு மாறவா?” என்கிறார். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் இருப்பவருக்கு, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவை வாங்கினால் எல்லாம் தானாக சேவ் ஆகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அது உண்மையா என்று தெரிய வேண்டும். காட்பாடியில் ஆய்வேடு எழுதும் மாணவிக்கோ மூன்றாவது அத்தியாயத்தின் எந்தப் பிரதி கடைசிப் பிரதி என்பதே குழப்பம்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு விஷயம் ஒட்டிக் கிடக்கிறது. ஒன்று ஆட்டோ சேவ்: நீங்கள் டைப் செய்யச் செய்ய மென்பொருள் தானாகவே எழுதி வைப்பது. இன்னொன்று வெர்ஷன் ஹிஸ்டரி: நேற்றோ போன வாரமோ அந்த ஆவணம் எப்படி இருந்தது என்று எடுத்துப் பார்க்க முடிவது. முதலாவது கரண்டிலிருந்து காப்பாற்றும். இரண்டாவது உங்கள் கையிலிருந்தே உங்களைக் காப்பாற்றும். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமல் போனால், இரண்டும் இல்லாததைவிட மோசம் என்பது என் கட்சி. ஏனென்றால் நீங்கள் செய்த தவறையும் அது கையோடு சேவ் செய்துவிடும். ‘சேவ் பண்ணாமல் மூடிவிடலாம்’ என்ற கடைசிக் கதவும் அடைபட்டுப் போகும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் பார்க்க வேண்டியது, கரண்ட் போனால் எத்தனை நிமிட வேலை போகும் என்பது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையை மின்வாரியம் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. அது பிரச்சினை இல்லை. கத்திரி வெயிலில், தெருவில் அத்தனை ஏ.சி.யும் ஒன்றாக ஓடும் மதியத்தில், இரண்டு நொடி போய்விட்டு வருகிற கரண்ட்தான் ஆளைக் கொல்லும். லேப்டாப்காரருக்கு இது தெரியக்கூடத் தெரியாது. டெஸ்க்டாப்காரருக்கு எல்லாம் யு.பி.எஸ். பேட்டரியின் வயதைப் பொறுத்தது.

அடுத்து, எவ்வளவு தூரம் பின்னால் போக முடியும். பத்து நிமிடமா, ஒரு மாதமா, ஆவணம் பிறந்த நாள் வரைக்குமா?

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் நம் ஊர் வேலைக்கு இதுதான் முக்கியம்: பழைய ஃபைலைத் திறந்து புதுசு செய்யும் பழக்கத்துக்கு அந்த வழி ஒத்துவருமா? டைப்பிங் கடையில் புது ஆவணம் என்று ஒன்று கிடையாது. வாடகை ஒப்பந்தம் கேட்டு ஒருவர் வந்தால், முன்பு வேறொருவருக்கு அடித்ததைத் திறந்து, பெயர், கதவு எண், அட்வான்ஸ் தொகை எல்லாம் மாற்றி, ‘சேவ் ஆஸ்’ கொடுத்து பிரிண்ட் எடுப்பார்கள். மாவட்டப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரத்தில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றிருக்கும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தபோது இந்தப் பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. பிறகு வேலூர் மாவட்டம். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. ஆற்காட்டில் உள்ள ஒரு மனைக்கு ஆவணம் அடிக்கும்போது, அவசரத்தில் ‘ரீப்ளேஸ் ஆல்’ அழுத்தினால் என்ன ஆகும்? சொத்து விவரத்தில் மாற வேண்டியது மாறும், சரி. 1985இல் எழுதிய மூலப்பத்திரத்தைச் சுட்டும் வரியிலும் ‘ராணிப்பேட்டை மாவட்டம்’ என்று வந்து உட்காரும். அன்றைக்கு அப்படி ஒரு மாவட்டமே இல்லை. இந்த மாதிரித் தவறு அன்றே கண்ணில் படாது. பத்து நாள் கழித்து, வேறு யாராவது படிக்கும்போதுதான் தெரியும். அப்போது ஆட்டோ சேவ் எதற்கும் உதவாது, பழைய பதிப்பு இருந்தால் மட்டுமே பிழைக்கலாம்.

நான்காவது, நெட் இல்லாமல் ஓடுமா. ஐந்தாவது, பழைய பதிப்புகளை வேறு யார் பார்க்க முடியும். இது சில இடங்களில் பணத்தையே பாதிக்கும், கீழே சொல்கிறேன். ஆறாவது, உங்கள் தமிழ் எழுத்துரு அங்கே உயிரோடு இருக்குமா. கடைசியாகக் காசு. கட்டுகிற காசைவிட, பிறகு கேட்கிற காசு.

## வழி 1: சொந்தக் கம்ப்யூட்டரில் வேர்டு அல்லது லிப்ரே ஆபீஸ்

பெரும்பாலோர் இருப்பது இங்கேதான். வேர்டில் ‘ஆட்டோ ரெக்கவர்’ என்று ஒன்று உண்டு. மாற்றாமல் விட்டால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மீட்பு நகலை ஓரமாக எழுதி வைக்கும். இதைத்தான் பலர் ஆட்டோ சேவ் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது அல்ல. கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்தால் அடுத்தமுறை திறக்கும்போது கைகொடுப்பதற்காக வைத்த நகல் அது. நீங்கள் ஒழுங்காக சேவ் செய்து மூடியதும் அதுவும் போய்விடும். உங்கள் ஃபைல் கடைசியாக நீங்கள் கன்ட்ரோல் எஸ் அழுத்திய நிலையிலேயே இருக்கும்.

பத்து நிமிடம் என்பது வேகமாக அடிப்பவருக்கு ஒரு பக்கம். ஆப்ஷன்ஸில் ‘சேவ்’ பகுதிக்குப் போய் அதை 2 நிமிடமாக்குங்கள். படங்கள் நிறைந்த பெரிய ஃபைல், பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி திணறும், பொறுத்துக்கொள்ளலாம். சேவ் செய்யாமலே மூடித் தொலைத்துவிட்டால், ஃபைல் மெனுவில் ‘இன்ஃபோ’ பக்கத்தில் ‘ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்’ என்று இருக்கும். அங்கே சில நாள் வரைக்கும் கிடைக்க வாய்ப்புண்டு. நம்பிப் பிழைப்பு நடத்தும் அளவுக்கு அது உறுதியான ஏற்பாடு அல்ல.

லிப்ரே ஆபீஸ் இலவசம். அதில் வேர்டில் இல்லாத ஒரு நல்ல வசதி ஒளிந்திருக்கிறது. ஃபைல் மெனுவில் ‘வெர்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து, இப்போதைய நிலையைக் குறிப்போடு பதிந்து வைக்கலாம். மூடும்போதெல்லாம் ஒரு பதிப்பைத் தானாக வைக்கச் சொல்லவும் முடியும். நெட் வேண்டாம், சந்தா வேண்டாம். ஆனால் மூன்று நிபந்தனை. ஃபைல் லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓ.டி.டி.யில் இருக்க வேண்டும், வேர்டு வடிவத்தில் சேவ் செய்தால் இது நடக்காது. ‘சேவ் ஆஸ்’ கொடுத்தால் புது நகலுக்குப் பழைய பதிப்புகள் வராது. மூன்றாவது, பதிப்புகள் எல்லாம் அந்த ஒரே ஃபைலுக்குள் இருக்கின்றன. அந்த ஃபைலை மெயிலில் அனுப்பினால் நீங்கள் அடித்துத் திருத்தியதெல்லாம் சேர்ந்தே போகும். ஹார்ட் டிஸ்க் போனால் எல்லாப் பதிப்பும் ஒன்றாகப் போகும்.

‘ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி’ என்ற இன்னொரு தேர்வும் உண்டு. ஒவ்வொரு சேவுக்கும் முந்தைய நிலையை ஒரு நகலாக வைக்கும். ஒரே ஒரு படிதான் பின்னால் போகலாம். கோரல் டிராவும் இப்படித்தான். அது எழுதும் ‘பேக்கப் ஆஃப்’ என்று தொடங்கும் ஃபைல்களைக் குப்பை என்று நினைத்து அழிக்கிற கடைகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அழிக்காதீர்கள்.

பேஜ்மேக்கர் இன்னும் ஓடும் அச்சகங்கள் நம் பக்கம் இருக்கின்றன. அடோபி அதைப் புதுப்பிப்பதை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கிழ மென்பொருளிலும் ஒரு சாமர்த்தியம் இருந்தது: பக்கம் மாறும்போதெல்லாம் ஒரு ‘மினி சேவ்’ செய்துகொள்ளும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ‘ரிவர்ட்’ கொடுத்தால் அந்த நிலைக்குத் திரும்பலாம். நிரந்தர வரலாறு அல்ல, ஆனால் கல்யாணப் பத்திரிகையில் பெட்டி எல்லாம் நகர்ந்துபோன நேரத்தில் போதும்.

மறைமுகச் செலவு: யு.பி.எஸ். பேட்டரி இரண்டு, மூன்று வருடத்தில் கேட்கும் காசு. அது போக, ஹார்ட் டிஸ்க் ஒருநாள் போகும் என்பது. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் வேலை செய்பவர்களுக்கும், கஸ்டமரின் ஆதார், பத்திர நகல்களைக் கையாள்பவர்களுக்கும் சொந்தக் கம்ப்யூட்டர்தான் பொருத்தம். ஆனால் இதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது, வழி 5ஐச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## வழி 2: கூகுள் டாக்ஸ்

சேவ் பொத்தானே இல்லை. நெட் இருக்கும்வரை, கரண்ட் போனால் கடைசியாக அடித்த ஒன்றிரண்டு சொல் போனால் உண்டு. போனில் பாதி, வீட்டில் பாதி என்று எழுதுபவருக்கு இதைவிட வசதி கிடையாது. ஃபைல் மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யைத் திறந்தால் தேதி, நேரம், யார் மாற்றினார் என்பது வரை வண்ணத்தில் காட்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். எல்லா நிலையும் அப்படியே நிரந்தரமாக நிற்காது. இடத்தை மிச்சப்படுத்த, சின்னச் சின்னப் பதிப்புகளை கூகுள் அவ்வப்போது ஒன்றாகச் சேர்த்துவிடும். அதனால் முக்கியமான கட்டத்தில் நீங்களே பெயர் வைக்க வேண்டும்: ‘கைடுக்கு அனுப்பியது’, ‘செமினாருக்கு முன்’ என்று. ஒரு டாக்ஸ் ஆவணத்துக்கு 40 பெயர் வரை வைக்கலாம், எக்செல் மாதிரியான கூகுள் ஷீட்ஸுக்கு 15. ஷீட்ஸில் ஒரு கட்டத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘ஷோ எடிட் ஹிஸ்டரி’ பார்த்தால் அந்த ஒரு எண்ணை யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்று தெரியும். நாலு பேர் சேர்ந்து கணக்கு எழுதும் சுய உதவிக் குழுவுக்கு இந்த ஒரு வசதிக்காகவே ஷீட்ஸைச் சொல்வேன். பாதிச் சண்டை குறையும்.

பழைய ஃபைலைத் திறந்து புதுசு செய்கிறவருக்கு இது பொறி. திறந்து பெயரை மாற்றிய அந்த நொடியே பழையவரின் ஆவணம் போய்விட்டது. வரலாற்றில் இருக்கும், ஆனால் தோண்டி எடுக்க வேண்டும். முதலில் ‘மேக் எ காப்பி’, பிறகுதான் கை வைப்பது என்று பழக வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் இந்தப் பழக்கம் வருவது கஷ்டம், கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் வந்துவிடும்.

தமிழ் எழுத்துரு விஷயத்தில் கறார். யூனிகோடு (எல்லாக் கம்ப்யூட்டரும் போனும் படிக்கும் பொது எழுத்துமுறை) என்றால் எந்தச் சிக்கலும் இல்லை. பாமினியில் அடித்த ஃபைலை ஏற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கிறுக்கலாகத்தான் வரும், ஏனென்றால் உங்கள் எழுத்துருவை அங்கே நிறுவ வழியில்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதைப் படித்துத் திருத்த வேண்டும். பத்து வருடப் பழைய ஃபைல்கள் உள்ள கடைக்கு அந்தத் திருத்தும் கூலிதான் உண்மையான விலை.

நெட் இல்லாத நேரத்துக்கு ஆஃப்லைன் வசதி உண்டு. ஆனால் நெட் இருக்கும்போதே, குரோம் அல்லது எட்ஜில், அதை முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும். நெட் போன பிறகு தேடினால் கிடைக்காது.

இப்போது அந்தப் பண விஷயம். டாக்ஸில் யாருக்கு எடிட்டர் அனுமதி தருகிறீர்களோ அவருக்கு வரலாறு முழுதும் திறந்திருக்கும். ஏற்றுமதி அலுவலகத்தில் ஒரு ஜோடி ஷூ அப்பருக்கு முதலில் ஒரு விலை போட்டு, முதலாளி பார்த்துவிட்டு ஏற்றச் சொல்லி, அதே ஃபைலை வெளிநாட்டு வாங்குபவருக்கு எடிட்டர் அனுமதியோடு அனுப்பினால், அவர் இரண்டு கிளிக்கில் பழைய விலையைப் பார்த்துவிடுவார். பேரம் அதோடு முடிந்தது. வெளியே அனுப்புவதை பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள், அல்லது நகல் எடுத்து அனுப்புங்கள். நகலுக்குப் பழைய வரலாறு வராது. பார்க்க மட்டும் அனுமதி உள்ளவருக்கும் வரலாறு தெரியாது.

மறைமுகச் செலவில் மிகப் பெரியது, ஃபைல் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பது. கடையில் வேலை பார்த்த பையன் தன் சொந்த ஜிமெயிலில் ஆரம்பித்த ஆவணம் அவனுடையது. அவன் பெங்களூருக்குப் போய்விட்டால் அதுவும் அவனோடு போகும். கல்லூரி தந்த கணக்கில் எழுதும் மாணவர்களுக்கும் இதே கதிதான். படிப்பு முடிந்து கணக்கு மூடப்பட்டால் ஆவணமும் வரலாறும் போகும். வெளியே இறக்கிக்கொண்டால் கடைசி நிலை மட்டும்தான் வரும், வரலாறு வராது. இரண்டு வருடம் தொடவே தொடாத சொந்தக் கணக்கையும் கூகுள் அழிக்கலாம். இலவச இடம் 15 ஜி.பி., அதை ஜிமெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

## வழி 3: ஒன்டிரைவில் வைத்த வேர்டு, எக்செல்

மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டி, ஃபைலை ஒன்டிரைவில் வைத்தால் திரையின் இடது மேல் மூலையில் ‘ஆட்டோ சேவ்’ சுவிட்சு ஆன் ஆகும். சில நொடிக்கு ஒருமுறை சேவ் ஆகும். இதுதான் நிஜமான ஆட்டோ சேவ். கடைகளில் ஓடும் 2010, 2013 வேர்டுகளில் இந்தச் சுவிட்சே கிடையாது. வேர்டின் பழைய ‘.doc’ வடிவத்தில் உள்ள ஃபைலுக்கும், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஃபைலுக்கும் இது வேலை செய்யாது. பணம் கட்டிவிட்டு ‘ஏன் ஆன் ஆகவில்லை’ என்று திகைப்பவர்கள் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள். காசு கட்ட விருப்பமில்லை என்றால், பிரவுசரில் ஓடும் வேர்டு இலவசக் கணக்கிலேயே தானாக சேவ் செய்கிறது. இலவச இடம் 5 ஜி.பி.

எக்செல்காரர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். இத்தனை நாள் நாம் என்ன செய்தோம்? பேக்கிங் லிஸ்டைத் திறந்து, டாலர் ரேட்டை ஏற்றி இறக்கி, ‘இப்படி இருந்தால் லாபம் எவ்வளவு’ என்று பார்த்துவிட்டு, சேவ் பண்ணாமல் மூடிவிடுவோம். ஆட்டோ சேவ் ஆன் ஆகியிருந்தால் அந்த விளையாட்டு எண் அப்படியே உட்கார்ந்துவிடும். ஒரே ஒரு காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் அளவும் விலையும் வரி மாறிப் போகும், அதுவும் சேவ் ஆகிவிடும். மறுநாள் அதே ஷீட்டைத் திறக்கும் அடுத்தவருக்கு எதுவும் தெரியாது. அதனால் எட்டிப் பார்க்கத் திறக்கும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள். ‘சேவ் ஆஸ்’ இருந்த இடத்தில் ‘சேவ் எ காப்பி’ வந்திருப்பதையும் கவனியுங்கள். திறந்தவுடன் முதல் வேலையாக அதைக் கொடுக்க வேண்டும், திருத்திய பிறகு கொடுத்துப் பயனில்லை, மூலம் ஏற்கெனவே மாறியிருக்கும்.

தனிநபர் கணக்கில் கடைசி 25 பதிப்புகள் வரை கிடைக்கும். நிறுவனக் கணக்கில் எத்தனை என்பதை நிர்வாகி வைக்கும் அளவு தீர்மானிக்கும். பலர் தினமும் தொடும் ஃபைலுக்கு 25 என்பது சீக்கிரம் கரைந்துவிடும். ஆக, பத்து நாள் கழித்து வெளிப்படும் தவறுக்கு அது தாங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதன் பெரிய பலம், உங்கள் வேர்டு வேர்டாகவே இருக்கும் என்பதுதான். கம்ப்யூட்டரில் உள்ள எழுத்துருவே வேலை செய்யும், லீகல் சைஸ் பக்க அமைப்பு கலையாது, நெட் போனாலும் வேலை ஓடும், நெட் வந்ததும் ஒத்திசைந்துகொள்ளும்.

செலவு வருடா வருடம். நிறுத்திவிட்டால் ஆட்டோ சேவும் பெரிய இடமும் நின்றுவிடும்.

## வழி 4: ஃபோல்டரையே மேகத்தோடு (இணையச் சேமிப்போடு) இணைப்பது

கூகுள் டிரைவ் அல்லது டிராப்பாக்ஸின் டெஸ்க்டாப் செயலியைப் போட்டு ஒரு ஃபோல்டரை இணைத்துவிடுவது. இதில் ஆட்டோ சேவ் இல்லை. நீங்கள் கன்ட்ரோல் எஸ் கொடுத்தால் அந்த நிலை மேலே போகும். பேஜ்மேக்கர், கோரல், ஃபோட்டோஷாப் என்று எந்த ஃபைலுக்கும் பழைய பதிப்பு கிடைப்பதுதான் இதன் சிறப்பு. கூகுள் டிரைவில் இத்தகைய ஃபைல்களின் பழைய பதிப்பு 30 நாள் அல்லது 100 பதிப்பு வரைதான், முக்கியமானதற்கு ‘கீப் ஃபாரெவர்’ கொடுக்க வேண்டும். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கிலும் 30 நாள், ஆனால் இடம் 2 ஜி.பி. மட்டும். கோரல் ஃபைல்களுக்கு அது எந்த மூலைக்கு?

இணைத்தது எல்லாம் பேக்கப் என்று நினைக்க வேண்டாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடப்பதோடு சரி. இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே ஃபைலைத் திறந்து இருவரும் சேவ் செய்தால், ‘கான்ஃபிளிக்டெட் காப்பி’ என்று இரண்டாவது ஒன்று முளைக்கும். எது சரி என்று நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

## வழி 5: தேதி போட்ட நகலும் வெளி ஹார்ட் டிஸ்கும்

பழைய முறை, ஆனால் ஏளனம் செய்ய ஒன்றுமில்லை. ஃபைல் பெயரின் முன்னால் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போட்டால் ஃபோல்டரில் தானாகவே காலவரிசையில் நிற்கும். நாளை முதலில் போட்டால் எல்லா மாதத்தின் 1ஆம் தேதியும் ஒன்றாகக் கூடிக்கொள்ளும்.

இதைத் தானாகச் செய்ய விண்டோஸ் 8 முதல் ‘ஃபைல் ஹிஸ்டரி’ இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் போய் வெளி ஹார்ட் டிஸ்கைக் காட்டி ஆன் செய்தால், மாறிய ஃபைல்களின் நகலை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து வைக்கும். மாற்றாமல் விட்டால் பழைய பதிப்புகளை அழிக்கவும் செய்யாது. எந்த மென்பொருளின் ஃபைலாக இருந்தாலும் சரி. ஆனால் அது பார்ப்பது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்ற இடங்களை மட்டும். நம் ஊர்க் கடைகளில் எல்லா வேலையும் ‘டி டிரைவில்’ அல்லவா இருக்கும்? அந்த ஃபோல்டரை விண்டோஸ் லைப்ரரியில் சேர்த்தால்தான் நகல் எடுக்கும். சேர்க்காமல் ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்து நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

எப்போதும் செருகியே வைத்திருக்கும் டிஸ்கை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸ் சேர்த்தே பூட்டிவிடும் என்பது இதன் பலவீனம். இரண்டு டிஸ்க் மாற்றி மாற்றி, ஒன்றை வீட்டில் வைப்பது நல்லது.

## ஒரே பார்வையில்

| | கரண்ட் போனால் இழப்பு | பின்னால் போகும் தூரம் | பழைய ஃபைலைத் திருத்தும் பழக்கம் | நெட் | பழைய எழுத்துரு |
|---|---|---|---|---|---|
| சொந்தக் கம்ப்யூட்டர் | மீட்பு நேர அளவு வரை (10 நிமிடம், குறைக்கலாம்) | ஏறக்குறைய இல்லை, ஓ.டி.டி.யில் உண்டு | ஒத்துவரும் | வேண்டாம் | ஓடும் |
| கூகுள் டாக்ஸ் | சில சொற்கள் | நீண்ட தூரம், பெயர் வைத்தால் | ஆபத்து | வேண்டும் | ஓடாது |
| ஒன்டிரைவ் | சில நொடிகள் | தனிநபருக்கு 25 பதிப்பு | ஆபத்து | அவ்வப்போது | ஓடும் |
| இணைத்த ஃபோல்டர் | கடைசி சேவ் வரை | 30 நாள் அளவு | ஒத்துவரும் | அவ்வப்போது | ஓடும் |
| ஃபைல் ஹிஸ்டரி | கடைசி சேவ் வரை | டிஸ்கில் இடம் உள்ளவரை | ஒத்துவரும் | வேண்டாம் | ஓடும் |

## யாருக்கு எது

டி.டி.பி. கடைக்காரர் கூகுள் டாக்ஸுக்கு மாற வேண்டாம் என்பதுதான் என் பதில். வழி 1, கூடவே வழி 5. அதோடு ஒரு சின்ன ஏற்பாடு: அடிக்கடி வரும் வாடகை ஒப்பந்தம், உறுதிமொழிப் பத்திரம், மனு ஆகியவற்றைப் பெயரெல்லாம் எடுத்துவிட்டு ‘வேர்டு டெம்ப்ளேட்’ வகையில் சேவ் செய்துவிடுங்கள். அதை இரட்டைக் கிளிக் செய்தால் மூலம் திறக்காது, பெயரில்லாத புது ஆவணம் ஒன்று திறக்கும். யார் எவ்வளவு அவசரத்தில் கை வைத்தாலும் மூலம் அப்படியே இருக்கும். ஒருவருடைய கதவு எண் இன்னொருவர் ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டு வருகிற தொல்லையும் ஒழியும்.

ராணிப்பேட்டை அலுவலகத்தில் நாலைந்து பேர் ஒரே எக்செல்லைத் தொடுகிறார்கள் என்றால் வழி 3 வாங்கலாம், ஆனால் நிறுவனக் கணக்காக வாங்குங்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் இரண்டையும் டெம்ப்ளேட் ஆக்கிவிடுங்கள். ஒரே ஆள்தான் தொடுகிறார் என்றால் சந்தா தேவையே இல்லை. கணக்குப் புத்தகம் தனிக்கதை. கணக்கு மென்பொருளான டேலியில் ஒவ்வொரு வவுச்சரும் ஏற்றுக்கொண்டவுடனே சேவ் ஆகிவிடுகிறது. கம்பெனியாகப் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம். அங்கே வரலாறு வைப்பதா வேண்டாமா என்று நீங்கள் தேர்வு செய்ய முடியாது.

ஆய்வேடு எழுதுபவருக்கு, கைடு டாக்ஸில் குறிப்பு எழுதச் சம்மதித்தால் வழி 2. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் பதிப்புக்குப் பெயர் வையுங்கள். ‘எனக்கு வேர்டுதான் வேண்டும்’ என்கிற கைடு என்றால் வழி 3, அல்லது தேதி போட்ட நகல். லாட்டெக்கில் (குறியீடுகளோடு வெறும் எழுத்தாக அடித்து ஆவணம் தயாரிக்கும் முறை) எழுதும் பொறியியல் மாணவர்கள், அதற்கான இணையதளமான ஓவர்லீஃபின் இலவசக் கணக்கில் 24 மணி நேர வரலாறுதான் கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுக்கு கிட் சரியாக வரும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கருவி அது. வெறும் எழுத்தாக உள்ள ஃபைலில் வரிக்கு வரி என்ன மாறியது என்று காட்டும். வேர்டு ஃபைலுக்கு அது அவ்வளவு தோதில்லை, வற்புறுத்த மாட்டேன். எதில் எழுதினாலும் கல்லூரிக் கணக்கு மூடப்படும் முன் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், உண்மையான வேலையை அதில் ஏற்றும் முன் ஒரு பொய் ஆவணத்தில் சோதியுங்கள். நாலு வரி அடியுங்கள், மறுநாள் இரண்டு வரியை அழித்து சேவ் செய்து மூடுங்கள், அதற்கடுத்த நாள் முதல்நாள் நிலையை மீட்டெடுங்கள். டெஸ்க்டாப் என்றால் ஒருமுறை அடித்துக்கொண்டிருக்கும்போதே யு.பி.எஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்றும் பாருங்கள். கடையில் கூட்டம் இல்லாத மதியமாகப் பார்த்துச் செய்யுங்கள்.